ஐஸ்பெட்டி ஏறிய கப்பல்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ஐஸ்பெட்டி. சின்னவர்களுக்கு ஐஸ்பெட்டி அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் ஐஸ்பெட்டி. முப்பத்தோரு வருஷமாகக் குளிர்சாதன மெக்கானிக். மீன் மார்க்கெட்டின் குளிர் அறை, பால் டிப்போ, மருந்துக் குடோன் என்று எங்கே ஒரு கம்ப்ரசர் இருமினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். அவர் மட்டும் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஊரில் பாதி மீன் எழுந்து நடந்து கடலுக்கே போய்விடும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே ஓடுகிற மிஷினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுக்காரி தையல் கடை வைத்திருந்தாள். அவளுக்கு இந்தக் காதைப் பற்றி வேறு கருத்து.

"ரெண்டு தெரு தள்ளி ஃபேன் முனகினா இந்த மனுசனுக்குக் கேக்கும். பக்கத்துல நின்னு நான் கத்தினா மட்டும் காதுல பஞ்சு."

"நீ என்ன ரிப்பேரா ஆயிருக்க, காது குடுத்துக் கேக்க?" என்பார் ஐஸ்பெட்டி.

எந்த வேலையையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிற மனிதர், ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பிணவறை இருந்தது. அதன் மிஷினும் அவர் பொறுப்புதான். மாதம் ஒருமுறை போவார். மீட்டரில் நான்கு டிகிரி நிற்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறை. அன்றைக்கு ஜோக் எதுவும் வராது.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் வந்தபோது தையல்காரி ஒரே ஒரு வரம் கேட்டாள்.

"உங்களுக்குப் போன் வராத இடமாப் பாத்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"அப்படி இடம் நடுக்கடல்லதான் இருக்கு."

"அப்போ அங்கேயே போவோம்."

இப்படித்தான் இருவரும் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் போய் உட்கார்ந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பளபள புத்தகங்களாக எடுத்துப் போட்டாள். இந்தக் கப்பலில் நாலு நீச்சல் குளம், அந்தக் கப்பலில் சறுக்கு மரம், இன்னொன்றில் நடுவிலேயே ஒரு தோப்பு.

"மிஷின் என்ன மிஷின்?" என்றார் ஐஸ்பெட்டி.

"சார்?"

"மூவாயிரம் பேருக்குக் கறியும் மீனும் ஏழு நாள் கெடாம இருக்கணும்ல. குளிர் பிளான்ட் எந்தக் கம்பெனி? எத்தனை டன்?"

அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சறுக்கு மரத்தின் உயரம் இருந்தது, கம்ப்ரசரைப் பற்றி ஒரு வரி இல்லை. பாவம், யாருக்கோ போன் போட்டாள், அவர் இன்னொருவருக்குப் போட்டார், ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் ஒரு கப்பலின் பிளான்ட் ஐஸ்பெட்டிக்கு நன்றாகப் பழக்கமான மாடல் என்று தெரிந்தது. "இதுதான் நம்ம கப்பல்" என்றார், சம்பந்தம் முடித்தவர் போல. தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் டிக்கெட்டைப் பையில் பத்திரமாக வைத்தது அவள்தான்.

கப்பல் ஏறிய முதல் நாளே அறைக்குப் போகும் வழியில் சுவரில் காதை வைத்து நின்றுவிட்டார். அந்த வழியாக வந்த கப்பல் என்ஜினியர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு வால்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கப்பலில் ஒரு பழக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்கார வேண்டும் என்று அவர்களே முடிவு பண்ணிவிடுவார்கள். முதல் நாள் எந்த மேஜையோ ஏழு நாளும் அதே மேஜை, அதே முகங்கள். பிடிக்காத ஆள் மாட்டினால் கடலில் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவர்களுக்குக் கிடைத்தது நாற்பத்திரண்டாம் மேஜை, ஐந்து பேர். இவர்கள் இரண்டு பேர். ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர், கூட அவர் மனைவி. தனியாக வந்திருந்த ஒரு பல் டாக்டரம்மா.

டாக்டரம்மாவுக்கு இது ஏழாவது கப்பல். அதனால் கேப்டனுக்கே பாடம் எடுப்பார். எந்தப் பக்கம் அறை எடுத்தால் வெயில், எந்த மாடியில் ஆட்டம் அதிகம், ரொட்டியை எந்த நேரத்தில் கேட்டால் சூடாக வரும், எல்லாம் அவர் விரல் நுனியில். சூப்பைக் குடித்துக்கொண்டே முதல் நாளே ஒரு கதையையும் எடுத்துவிட்டார்.

"என்னோட நாலாவது கப்பல்ல ஒரு பெரியவர் போயிட்டார். அடுத்து எந்த ஊர் வந்துச்சோ அங்கேயே இறக்கி விட்டுட்டாங்க. அவர் பொண்டாட்டியையும் பெட்டியோட சேத்து. பாஷை தெரியாத ஊரு. அந்தம்மா கரையில நிக்கறாங்க, நாங்க கையாட்டிட்டுப் போறோம்."

மேஜையில் நாலு ஸ்பூன்கள் அந்தரத்தில் நின்றன. தபால்காரர் மனைவிதான் முதலில் சிரித்தார். குருவி மாதிரி இருப்பார், சிரிப்பு மட்டும் பெரிய ஆள் சைஸ்.

"அப்படின்னா டாக்டரம்மா, என்னை இறக்கறப்ப நல்ல கடைத்தெரு இருக்கற ஊராப் பாத்து இறக்கச் சொல்லுங்க. சும்மா பாறையும் மணலுமா இருந்தா நான் இறங்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் மாத்திரை டப்பாவை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இதயத்துக்கு இரண்டு, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று.

மறுநாள் மேல் தளத்தில் தபால்காரர் மனைவி தையல்காரியிடம் ஒரு நீலச் சட்டையைக் கொடுத்தார். கை தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஊசி நூல் இல்லாமல் தையல்காரி எங்கேயும் போனதில்லை.

"ஆறாம் நாளைக்குப் போடணும்மா. என் பொண்ணு வந்து பாப்பாள்ல. அம்மா இளைச்சுட்டான்னு அவ நினைக்கக் கூடாது."

அப்புறம் கதையெல்லாம் வந்தது. ஒரே மகள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. அவள் லெட்டர் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட வீடு வந்து சேரவில்லை. தபால் ஆபீஸில் கடிதங்களைப் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்திருந்ததே அப்பாதான். மகள் கையெழுத்தைப் பார்த்ததும் 'வாங்க மறுப்பு' என்று தன் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு ஒரு சக ஊழியர் வாய் தவறி உளறித்தான் அம்மாவுக்கே தெரிந்தது.

"மூணு மாசம் பேசலை அவரோட. அப்புறம் ஒரு நாள் நாலு கப்பல் புஸ்தகத்தை முன்னாடி போட்டேன். எந்தக் கப்பல் என் பொண்ணு இருக்கற ஊர்ல நிக்குதோ அதுல போறோம்னேன். வாயைத் திறக்கலை. இது ஒண்ணுதான் நிக்குது. ஆறாம் நாள் மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும். ஊசிப்போன சோறு போட்டாக்கூட நான் இதுலதான் ஏறியிருப்பேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐஸ்பெட்டி, "நீங்க பொண்ணுக்காக ஏறினீங்க, நான் கம்ப்ரசருக்காக ஏறினேன். இவ எதுக்கு ஏறினான்னுதான் தெரியலை" என்று தன் மனைவியைக் காட்டினார்.

"தம்பி, உங்களை மாதிரி ஆளைக் கட்டிக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் இருந்தாள்ல, அதுக்கு அரசாங்கமே அவளுக்குத் தனிக் கப்பல் விடணும்" என்றார் அந்த அம்மா.

மூன்றாம் நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்த ஐஸ்பெட்டியைத் தேடித் தபால்காரர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அவளுக்குக் கடல் ஒத்துக்கலை. ஒரே வாந்தி. ரூம் புழுக்கமா இருக்குங்கறா. கொஞ்சம் கூலாக்கித் தர முடியுமா? கப்பல்காரங்ககிட்ட கேட்டா அவ்வளவுதான் வரும்ங்கறாங்க."

"அவ்வளவுதான் வருமா? யார்கிட்ட?" ஐஸ்பெட்டிக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. "வாங்கய்யா, பனிக்கரடி வந்து குடித்தனம் கேக்கற மாதிரி ஆக்கித் தரேன்."

அறைக் கதவில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை தொங்கியது. உள்ளே திரை போட்டு இருட்டாக இருந்தது. அந்த அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார், கழுத்துக்கு மேலே வரை போர்வை. ஐஸ்பெட்டியின் கண் அந்தப் பக்கம் அரை நொடிதான் போனது. அப்புறம் அது போன இடம் சுவரில் இருந்த சின்ன சென்சார். அறை எவ்வளவு சூடு என்று மிஷினுக்குச் சொல்வது அதுதான். தன் போன் சார்ஜரைச் செருகி, சூடேறியதும் அதை சென்சார் மேல் டேப் போட்டு ஒட்டினார். அறை கொதிக்கிறது என்று நம்பி மிஷின் மூச்சு முட்ட ஓடத் தொடங்கியது. பத்து நிமிஷத்தில் பதினாறு டிகிரி.

"எப்படி!" என்றார். தபால்காரர் தலையை ஆட்டினார். கிளம்பும்போது ஐஸ்பெட்டி கட்டிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க ஐஸ்கிரீம் ஆயிடுவீங்க! எந்த ஃப்ளேவர்னு சொல்லிட்டுத் தூங்குங்க!"

பதில் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினார். அன்று சாயங்காலம் வரைக்கும் சார்ஜர் கதையை டாக்டரம்மாவிலிருந்து பரிமாறுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தபால்காரர் தனியாக வந்தார். மனைவிக்கென்று ஒரு தட்டு வாங்கி மூடி எடுத்துப்போனார். நான்காம் நாள் காலையில் கப்பல் ஒரு தீவில் நின்றது. எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். தபால்காரர் இறங்கவில்லை. மேல் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலைக் கட்டியிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். மதியம் கயிறு அவிழ்ந்து கப்பல் நகர்ந்ததும் அங்கேயே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டிருந்தார். உப்பு டப்பாவைக் கொடுக்கும்போது அவர் விரல் ஐஸ்பெட்டியின் மேல் பட்டது. குளிர் அறையில் மீன் பெட்டி தூக்குகிறவன் விரல் அப்படித்தான் இருக்கும்.

"நான் வேணா வந்து கூட இருக்கட்டுமா அண்ணே?" என்றாள் தையல்காரி. "சட்டையும் ரெடி. போட்டுப் பாத்துடலாம்."

"வேண்டாம்மா, தூங்கறா" என்ற தபால்காரர், ஐஸ்பெட்டியின் பக்கம் குனிந்தார். "தம்பி, இன்னும் கூலாக்க முடியுமா?"

"பதினாறுய்யா அது. அதுக்கு மேல எதுக்கு?"

"உங்க மீன் மார்க்கெட் ரூம் அளவுக்கு?"

ஐஸ்பெட்டி தட்டைப் பார்த்தார். கடல் ஒத்துக்கொள்ளாத யாரும் மீன் அறை கேட்பதில்லை. இரண்டு நாளாக வேறு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. மூடி எடுத்துப்போன தட்டுகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. போர்வை கழுத்துக்கு மேலே வரை இருந்தது. ஃப்ளேவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை.  கையிலிருந்த ஸ்பூனை வைத்துவிட்டு, எழுந்து போகிற தபால்காரரின் பின்னாலேயே போனார்.

அறை வாசலில் தபால்காரர் வழி மறித்து நின்றார். ஐஸ்பெட்டி ஒன்றும் கேட்காமல் சுவரில் காதை வைத்தார். உள்ளே மிஷின் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை.

"எப்பய்யா?"

தபால்காரர் கதவை விட்டு விலகினார். "நேத்து விடிகாலை. எழுப்பினேன். எழுந்திருக்கலை."

"அப்போ நான் வந்தப்ப..."

"ஆமா."

"ஏன்யா சொல்லலை?"

"அடுத்த ஊர்ல இறக்கிருவாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல. அந்தத் தீவு தாண்டிட்டாப் போதும்னு இருந்தேன். தாண்டிட்டோம். இன்னும் ஒண்ணரை நாள்தான் தம்பி. நான் தபால்காரன். என் கைக்கு வந்ததை நடுவுல எந்த ஊர்லயும் நான் இறக்கினதில்லை." அவர் மூடிய கதவைப் பார்த்தார். "ஒருத்தி லெட்டரைத் தவிர. இதையாவது கொண்டுபோய்ச் சேக்கணும்."

பதினாறில் பால்கூட நிற்காது என்பது ஐஸ்பெட்டிக்குத் தெரியும். பதினாறைப் பார்த்து மார் தட்டியதும் அவரேதான். "ஐயா, கப்பல்ல நாலு டிகிரி ரூம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். நான் பேசறேன். நடுவுல இறக்க விடமாட்டேன்" என்று தபால்காரரின் கையைப் பிடித்தார். என்ஜினியரிடம் போனார், என்ஜினியர் கப்பல் டாக்டரைக் கூட்டி வந்தார்.

கப்பல் டாக்டர் உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தார். நல்ல மனிதர், திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உடனே சொல்லியிருக்கலாமே? நாங்க யாரையும் வழியில இறக்க மாட்டோம். குடும்பத்துக்காரங்க கேட்டா, புறப்பட்ட துறைமுகம் வரைக்கும் பத்திரமா வெச்சிருப்போம். அதுக்குன்னே இடம் இருக்கு."

"பல் டாக்டரம்மா சொன்னாங்க..." என்று தபால்காரர் சிறுபிள்ளை மாதிரி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கப்பல் டாக்டர் சுவரைக் காட்டினார். "இந்த சார்ஜர் யாரோடது?"

தன் வேலையைத் தன் வேலை என்று சொல்ல ஐஸ்பெட்டி ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு வாய் வரவில்லை, கையைத்தான் தூக்கினார்.

"ஜில்லுனு இருந்ததால உடம்பு தாங்கும்னு அந்தப் பெரியவர் நம்பிட்டார்" என்று கப்பல் டாக்டர் ஐஸ்பெட்டியைத் தனியாக அழைத்துச் சொன்னார். "தாங்கலை. இனிமே நாலு டிகிரியில வெச்சாலும் போனது போனதுதான். பொண்ணுகிட்ட முகத்தைக் காட்ட வேண்டாம். நான் சொல்றேன்."

ஐந்தாம் நாள் முழுக்க ஐஸ்பெட்டி கீழ்த் தளத்தில், அந்த அம்மாவை மாற்றியிருந்த சின்ன அறையின் மூடிய கதவுக்கு வெளியே நின்றார். என்ஜினியர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மீட்டர் நான்கைக் காட்டியது. அதைச் சரிபார்க்க ஆள் தேவையில்லை, மிஷின் நல்ல மிஷின், அவர் தேடித் தேடிப் பிடித்த மிஷின். அவருக்குப் பழக்கமானது என்று டிராவல்ஸ் ஆபீஸில் சந்தோஷப்பட்டாரே, அதே மாடல்.

ஆறாம் நாள் மதியம் மகள் ஏறி வந்தாள். காகித வேலை முடியாமல் அம்மாவைக் கரையில் இறக்க முடியாது, மகள் மேலே வந்து பார்க்கலாம் என்று அனுமதி. ஐம்பது நிமிஷம். செய்தியைக் கப்பலிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் அதே குருவி உடம்பு.

கப்பல் ஆஸ்பத்திரியின் ஒரு அறையில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். தையல்காரி அந்தத் துணியின் ஓரத்தை அளவாகப் பிரித்து, ஒரு கை மட்டும் வெளியே வருகிற மாதிரி வழி செய்து, சுற்றிலும் மடித்துத் தைத்திருந்தாள். நீலச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை போட்டுவிட்டிருந்தாள். தொளதொளப்பு இல்லை. அளவெடுத்த மாதிரி இருந்தது.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"எப்போ?"

"மூணாம் நாள் விடிகாலை."

"முகம்?"

தபால்காரர் தரையைப் பார்த்தார். ஐஸ்பெட்டி ஒரு அடி முன்னால் வந்தார். "என் தப்பும்மா. ரூமைக் குளிரவெச்சது நான். நான்தான் அவருக்கு நம்பிக்கை குடுத்தேன். கட்டில்ல யாரு, எப்படி இருக்காங்கன்னு ஒரு தடவை நான் திரும்பிப் பாத்திருந்தா..."

அவள் அவரைக் கேட்டதாகவே தெரியவில்லை. அப்பாவிடம்தான் பேசினாள். சத்தம்கூடப் போடவில்லை.

"இதையும் திருப்பி அனுப்பிட்டீங்களாப்பா?"

 மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக. ஐம்பதாவது நிமிஷம் நர்ஸ் கதவைத் தட்டும்வரை அதையேதான் செய்தாள். போகும்போது தையல்காரியைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் படி வரைக்கும் பின்னாலேயே போனார். அவள் இறங்கி, கூட்டத்தில் கலந்து, மறைந்த பிறகும் அங்கேயே நின்றார். ஆள் வந்து அவரை நகர்த்தித்தான் படியை எடுக்க வேண்டியிருந்தது.

அன்று இரவும் நாற்காலி ஐந்து. தபால்காரர் வந்து உட்கார்ந்தார். வேறெங்கே போவார்? பரிமாறுகிறவர் பழக்கத்தில் ஐந்து சூப் கொண்டுவந்துவிட்டு, ஒன்றைத் திருப்பி எடுத்துப்போனார். டாக்டரம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்ன அந்த நாலாவது கப்பல் விஷயம் பாதிக் கதைதான் அண்ணே" என்றார் கடைசியில். "அந்தம்மா வேணும்னு கேட்டுத்தான் அங்க இறங்கினாங்க. அவங்க சொந்தக்காரங்க யாரோ அங்க இருந்தாங்க. நான் சுவாரசியத்துக்காகக் கொஞ்சம் வெட்டிட்டேன்."

தபால்காரர் சூப்பைக் குடித்தார். முழுக்கக் குடித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் ஐஸ்பெட்டிக்குப் போன்கள் குவிந்திருந்தன. மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். கப்பல் எப்படி என்று மார்க்கெட்டில் கேட்டவர்களிடம், சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். ஐஸ்பெட்டி ஒரு வரியில் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று விசாரித்தார்கள்.

இப்போதும் சுவரில் காதை வைத்து நோயைச் சொல்கிறார். ஒரே ஒரு மாற்றம். யாராவது வீட்டுக்கு அழைத்து, ரூம் இன்னும் கூலாகணும் என்றால், பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அறைக்குள் போகிறார். கட்டிலில் படுத்திருப்பது காய்ச்சல்காரரோ தூங்குகிற குழந்தையோ, பக்கத்தில் போய் முகத்தைப் பார்க்கிறார். "என்னங்க, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர்கள் சங்கடப்படுகிறார்கள். தூக்கத்தைக் கெடுக்கிறாரே என்று முனகுகிறார்கள். அவர் நகர்வதில்லை. உள்ளேயிருந்து ஒரு முனகலாவது, ஒரு திட்டாவது வந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார்.